இடது காதுக்கு வந்த எண்கள்

சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

வெள்ளையடித்த சுவர். கண்ணுக்கு நேரே, எப்போதோ காலண்டர் தொங்கிய ஆணி. அதன் கீழே ஒரு சதுரம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. வெளியே மழை. காலை பத்து மணிக்கே விளக்குப் போட வைக்கிற திருவனந்தபுரத்து மழை. அறையில் ஃபினாயில் வாசனை, அதற்கு அடியில் நனைந்த கம்பளி வாசனை.

பட்டாளத்தில் காதைச் சோதிக்கிற முறை இது. நீங்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இருபது அடி பின்னால் டாக்டர் நிற்பார். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, மிச்சமிருக்கிற காற்றில் ஓர் எண்ணைக் கிசுகிசுப்பார். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மற்ற காதால் கேட்டு நீங்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மெஷின் கிடையாதா என்றால், உண்டு. இதில் தவறுகிறவர்களைத்தான் அதற்கு அனுப்புவார்கள்.

வலது காது முடிந்தது. தேறினேன்.

"இனி இடது காது, சாரே" என்றார் காது மூக்கு தொண்டை டாக்டர் அனிதா. பட்டாளத்தில் என்னைவிட ஜூனியர், காதைப் பற்றிய அறிவில் சீனியர்.

வலது காதை அடைத்தேன். உலகம் அணைந்தது. மழை போயிற்று, மின்விசிறி போயிற்று. ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுபத்தொண்ணு" என்றது குரல்.

தெளிவாக. தமிழில். இருபது அடி தூரத்திலிருந்து வந்ததுபோல இல்லை. சட்டைக் காலர் பக்கத்திலிருந்து வந்ததுபோல இருந்தது. "எழுபத்தொன்று" என்றேன்.

"அறுபத்தெட்டு." சொன்னேன். "அறுபத்திநாலு." சொன்னேன். அறுபது. ஐம்பத்தேழு.

இந்த வரிசை எனக்குத் தெரியும். அடுத்தது என்னவென்றும் தெரியும்.

"அறுபத்துமூணு" என்றது குரல். பிறகு எழுபது. எழுபத்தாறு. எண்பத்திரண்டு.

அவற்றையும் சொன்னேன். அதோடு குரல் நின்றது. திரும்பினேன்.

இருபது அடிக்கு அப்பால், தரையில் டாக்டர் நிற்பதற்காக வரைந்த மஞ்சள் கோடு இருந்தது. கோட்டின் மேல் யாரும் இல்லை.

ஐந்து எழுத்து ஜாதகம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் வீரம் தெரியும். குளவிக்குப் பயந்து அணிவகுப்பை உடைத்தவன் நான். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ராணுவ டாக்டர். வலியசாலை அக்ரஹாரத்துப் பையன், எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று முறை மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி, மூன்று முறையும் தோற்று, வீட்டில் யாரும் முகத்தைப் பார்க்காத ஒரு வாரத்தில் ஷார்ட் சர்வீஸுக்கு விண்ணப்பித்தேன்.

ஷார்ட் சர்வீஸ் என்றால் சில வருடத்து வாடகைக் குடித்தனம். பயிற்சியில் முதலில் கற்றுக்கொடுப்பது சிகிச்சை அல்ல, சல்யூட். பிறகு ஏதோ ஒரு மலையுச்சியில் ஒரு பட்டாளத்துக்கு ஒற்றை டாக்டர். தலைவலி முதல் தற்கொலை எண்ணம் வரை எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். காலம் முடிந்தால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நடுவில் நிரந்தரப் பணி கிடைத்துவிட்டால் மேற்படிப்பு, ஸ்பெஷலிஸ்ட், ரிட்டயர் ஆகும்வரை கவலையில்லை.

எனக்கு அது கடைசி வாய்ப்பு. மயக்கவியல் படிக்க வேண்டுமென்று வெறி. வாழ்க்கையில் நான் பேச ஆரம்பித்தால் தூங்கிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இயற்கையான திறமையை ஏன் வீணாக்க வேண்டும்?

நிரந்தரத்துக்குக் குறுக்கே நின்றது உடற்தகுதிப் பரிசோதனை. பட்டாளத்தில் ஆளை ஐந்து ஆங்கில எழுத்துகளாகப் பிரிப்பார்கள். எஸ் மனம், ஹெச் காது, ஏ கைகால், பி உடம்பு, ஈ கண். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று என்று விழுந்தால் குறையில்லாத மனிதன். எங்காவது இரண்டு விழுந்தால் ஜாதகத்தில் செவ்வாய் மாதிரி. போகிற இடமெல்லாம் பரிகாரம் கேட்பார்கள்.

என் ஹெச்சில் ஒரு செவ்வாய் இருந்தது. சில வருடங்களாக மறைத்து வைத்திருந்தேன்.

காது பிளக் கொடுத்த வள்ளல்

பனிமலையில் பீரங்கிப் பயிற்சி. சத்தத்தில் சவ்வு கிழியாமலிருக்க எல்லாருக்கும் காதில் பிளக் வைத்துவிட வேண்டியது டாக்டர் வேலை. வரிசையாக நின்ற அத்தனை பேர் காதையும் நானே பார்த்து, நானே கொடுத்து, கையெழுத்தும் வாங்கினேன். பிறகு வேடிக்கை பார்க்கும் ஆசையில் பீரங்கியின் வலப்பக்கம் போய் நின்றேன்.

என் காதுக்கு பிளக் இல்லை என்பது, அது வெடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"சாரே, ரத்தம்! காதில ரத்தம்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவர் செல்லையா. என் நர்சிங் உதவியாளர், ஹவில்தார். பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த தமிழர். அவர் கத்தியது வலது காதில் கேட்டது. இடது காதில் அன்றோடு மூடுவிழா.

அன்றே காயப் படிவம் எழுதியிருக்க வேண்டும். பீரங்கிக்காரர்களுக்கு மாதத்தில் நாலைந்து நான்தான் எழுதுவேன். என்னைப் பற்றி எழுதவில்லை. பிளக் கொடுத்த டாக்டரே பிளக் இல்லாமல் நின்றான் என்று என் கையாலேயே எழுதுவதா? வெட்கம்.

வீட்டில் மட்டும் மறைக்க முடியவில்லை. இடது காதை அவள் பக்கம் காட்டிப் படுத்தால் என் மனைவி மீனா திட்டுவது கேட்காது. லீவில் வந்த ஆறே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன்னா, உங்களுக்கு ஒரு காது அவுட்டுன்னு வலியசாலைத் தெருவுக்கே தெரியுமாக்கும். பட்டாளத்துக்கு மட்டும் தெரியாதோ?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசினா கேக்கவா போறது?"

பைக்குள் ஒரு மனிதன்

சுவர் முன்னால் நான் கேட்ட எண்களுக்கு இனி வருகிறேன்.

காது போய் ஒரு மாதம் இருக்கும். தன்சிங் என்ற சிப்பாய்க்கு உயரத்தினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உடனே கீழே இறக்கினால் பிழைப்பார். பனிப்புயலில் ஹெலிகாப்டர் வராது. அதற்கென்று எங்களிடம் ஒரு நீளப் பை உண்டு. ஆளை உள்ளே படுக்க வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, காலால் பம்ப் அடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே காற்றழுத்தம் கூடும். சில ஆயிரம் அடி இறங்கிவிட்டோம் என்று நுரையீரல் ஏமாந்துபோகும். பம்பை நிறுத்தினால் உள்ளே மூச்சுமுட்டும்.

பைக்கு ஒரு சின்ன ஜன்னல். தன்சிங்கின் விரலில் மாட்டிய கிளிப்பில் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று எண் ஓடும். செல்லையா ஜன்னலில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்ல, நான் பம்ப் அடித்தேன். நான் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் தெரியாது.

எண்ணைத் தமிழில்தான் சொல்வார், அதுவும் கிசுகிசுப்பாக. இந்தியில் சொன்னால் உள்ளே இருப்பவருக்குப் புரிந்துவிடும். தன் மூச்சு குறைந்துகொண்டு வருவதை எண்ணிக்கையாகக் கேட்க யாருக்கும் தெம்பு கிடையாது. நோயாளிக்குத் தெரியாத மொழியில் கெட்ட செய்தியைச் சொல்வது மலைமேல் எங்கள் இருவரின் வழக்கம்.

எழுபத்தொண்ணு. அறுபத்தெட்டு. அறுபத்திநாலு. அறுபது. அம்பத்தேழு.

நடுப்பகல்தான். ஆனாலும் கூடாரத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம், அவ்வளவே. நான் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, காலை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் நிறுத்திவிட்டேன் என்றே சொல்லலாம். இனி என்ன இருக்கிறது? கால்தான் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

அப்போது "அறுபத்துமூணு" என்று கேட்டது. ஏறுகிறது! எழுபது. எழுபத்தாறு. கால் புதிதாய் முளைத்ததுபோல அடித்தேன். எண்பத்திரண்டு.

தன்சிங் பிழைத்தார். இன்றைக்கும் தீபாவளிக்குக் காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூப் படம் அனுப்புகிறார்.

கேள்வி தெரியாத விடைகள்

மஞ்சள் கோட்டில் யாரும் இல்லை என்று சொன்னேன். அறையில் ஒரே ஒருவர் இருந்தார். மூலையில் மேசை போட்டு, முடிவைக் குறிக்கும் கிளார்க். வடக்கத்தியர். தாளில் ஏதோ டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அனிதா வந்தார், கையில் போன். "ஸாரி, சாரே. சாரோடு சொல்லாம போயிட்டேன். அர்ஜென்ட் கால். தொடங்கலாமா?"

"ஹோ கயா, மேடம்" என்றார் கிளார்க். "சாப் ஒன்பதும் சொல்லிவிட்டார்."

"ஒன்பதா? யாரு கேட்டது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்து விநாடிக்குள் மூளைக்கட்டி, வலிப்பு, சித்தப்பிரமை மூன்றையும் எனக்கு நானே கண்டுபிடித்து, மூன்றுக்கும் மருந்தும் எழுதி, மீனாவுக்குப் பென்ஷனும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஹெச்சை மறைக்க வந்தவன் எஸ்ஸில் மாட்டிக்கொண்டேன். காதில் குரல் கேட்கவில்லை என்றால் காதுக்கு இரண்டு. ஆளில்லாமல் குரல் கேட்கிறது என்றால் மனசுக்கு மூன்றோ நான்கோ, யார் கண்டது.

"பிராக்டிஸ்" என்றேன். என் குரலே கீச்சென்று வந்தது.

"ஓ" என்று அனிதா கோட்டுக்குப் போனார். நான் சுவருக்குத் திரும்பினேன். வலது காதை அடைத்தேன்.

இப்போது ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அனிதா எப்போதும் ஒரே வரிசையில்தான் எண்களைச் சொல்வார் என்று, முன்பே சோதனைக்குப் போன ஒரு நண்பன் மூலம் தெரிந்துகொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு, பத்தொன்பது, எழுபத்தைந்து என்று மனப்பாடம். ஒரு வாரம் குளியலறையில் ஒத்திகை.

ஆணியைப் பார்த்தபடி நின்றபோதுதான் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. விடைகள் எல்லாம் தெரியும். கேள்வியை எப்போது கேட்பார் என்பதுதான் தெரியாது.

நிசப்தம். அந்தக் குரலும் வரவில்லை. வரக் கூடாதென்று வேண்டிக்கொண்டேன். வராததும் பயமாக இருந்தது. முதுகு முழுக்கக் காதாக்கி நின்றேன். கேட்டிருப்பாரா? கேட்டிருப்பார்.

"நாற்பத்திரண்டு!" என்றேன்.

பின்னால் அசைவு. நடந்து வந்து என் முகத்துக்கு எதிரே நின்றார் அனிதா. காதிலிருந்து என் விரலை மெல்ல எடுத்துவிட்டார்.

"சாரே, நான் இன்னும் தொடங்கலை."

அதற்குமேல் நடிக்கத் தெம்பில்லை. பீரங்கி, பிளக், ரத்தம் எல்லாவற்றையும் கொட்டினேன். குரலை மட்டும் சொல்லவில்லை. சிரிப்பார், அல்லது புகார் எழுதுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"இதே கேஸ் ஒரு பீரங்கிக்காரர் வந்தா சார் என்ன எழுதுவீங்க?"

"பணியில் வந்த காயம்."

"அப்போ நிரந்தரத்துக்கு இரண்டை மன்னிக்கலாம்னு வழி உண்டில்லே? சாருக்குத் தெரியாதா?"

தெரியும். எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"இப்போவாவது படிவம் எழுதுங்க. கண்ணால் பார்த்த ஒரு சாட்சி கையெழுத்து வேணும். ஒரு வாரத்துக்குள்ளே."

வெளியேறும்போது கிளார்க்கிடம் குனிந்து கேட்டேன்: "மேடம் இல்லாதபோது நீங்கள் ஏதாவது கேட்டீர்களா?"

பேனாவை மூடினார். "கிசுகிசுக்கிறது என் வேலை இல்லை, சாப். நான் டிக் மட்டும்தான் அடிப்பேன்."

வித்துரா பஸ்

சாட்சி ஒருவர்தான். செல்லையா ரிட்டயராகி வித்துராவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறார். மறுநாளே தம்பானூரில் பஸ் ஏறினேன். நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் மரங்கள் இருபுறமும் நெருங்கி வந்தன. ஒரு காது மட்டும் உள்ளவனுக்கு எந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று தெரியாது. பஸ்ஸில் எல்லாப் பேச்சும் வலப்பக்கமே நடந்தது. இடப்பக்கம் காலி. முன்பெல்லாம் அது வெறும் காலி. அன்றைக்கு, யாரோ உட்கார்ந்திருக்கிற காலி. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். பக்கத்து ஸீட்டில் ஒரு பெண்மணி கூடையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

செல்லையா வீட்டில் அவரும் மனைவி சாந்தாவும்தான். ஆள் கொஞ்சம் வாடியிருந்தார். இருமல்.

"ஏழு நாளா, ஒரு ஆழ்ச்சையா இருக்கு, சாரே. சுக்குக்காபி குடிச்சா போகும்."

"ஊருக்கெல்லாம் ஊசி போடுற ஆளு, தனக்கு ஒரு குளிகை முழுங்காது" என்றார் சாந்தா. "நீங்களாவது சொல்லுங்க சார்."

தன் காதுக்கு பிளக் வைக்காதவன் என்ன சொல்வது? படிவத்தை நீட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். "எத்தனை பேருக்குக் கொடுத்தோம், சாரே! நமக்கு மட்டும் இல்லே!" கையெழுத்துப் போட்டார்.

பேச்சு தன்சிங் பக்கம் போயிற்று. நான் சாதாரணமாகத்தான் சொன்னேன்: "ஐம்பத்தேழுக்குப் பிறகு அறுபத்துமூணுன்னு நீங்க சொன்னீங்களே, அன்னைக்கு அதுதான் எனக்கு உயிரைக் கொடுத்தது."

செல்லையா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் அம்பத்தேழு வரைக்கும்தானே சொன்னேன், சாரே."

"இல்லை, எண்பத்திரண்டு வரைக்கும்."

"அல்ல. ஜெனரேட்டர் நின்னு போச்சில்லே? டீசல் ஊத்த வெளியே போனேன். டார்ச்சையும் கொண்டு போயிட்டேன். திரும்பி வந்து ஜன்னல்ல பார்த்தா எண்பத்திரண்டு. நான் வாயைத் திறக்கும் முன்னே சார் சொன்னீங்க, 'எண்பத்திரண்டு, சரி'ன்னு. இருட்டில சார் எப்படிப் பார்த்தீங்கன்னு நான் அப்பவே நினைச்சேன். கேக்கப் பேடியா, பயமா இருந்தது."

மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சாந்தா அடுப்படியில் ஏதோ தாளித்தார், கடுகு வெடித்தது.

"செல்லையா, நீங்க எந்தப் பக்கம் நின்னு சொல்லுவீங்க?"

"சாரோட வலப்பக்கம். இடது போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

ஆமாம். ஐம்பத்தேழு வரை வலது காதில். அறுபத்துமூன்றிலிருந்து இடது காதில். செல்லையா இடம் மாறிவிட்டார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். செத்த காதில் எப்படிக் கேட்டது என்று ஒருமுறையும் நினைக்கவில்லை. நான் டாக்டர்!

ரிமோட் பேட்டரி

பேச்சை மாற்ற, படிவத்தில் மிச்சமிருந்த கட்டத்தை நிரப்பினேன். காயம்பட்ட உறுப்பின் இன்றைய நிலை. 'இடது காதில் கிசுகிசுப்பு கேட்' வரை எழுதியிருப்பேன்.

"எழுபத்தொன்பது" என்றது.

பேனா தாளில் ஊன்றி நின்றது. நீல மை பொட்டாகப் பரவியது. நிமிர்ந்தேன். எனக்கு எதிரே ஒரே ஒருவர்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். உதடுகளைப் பார்த்தேன். அந்த வாடலை வந்தவுடனே பார்த்திருக்க வேண்டும். ஓரங்களில் நாவற்பழ நிறம்.

"வீட்டில் விரல் கிளிப் இருக்கா?"

"கோவிட்டுக்கு வாங்கினது ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு" என்றார் சாந்தா. "பேட்டரி இல்லே."

டி.வி. ரிமோட்டைப் பிடுங்கினேன். அவசரத்தில் ஒரு பேட்டரி உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று. படுத்துத் தேடினேன். ராணுவ அதிகாரி ஒருவர் சோபாவுக்கு அடியில் பாதி உடம்போடு அழுதுகொண்டிருந்தார் என்று சாந்தா இன்றுவரை சொல்கிறார். தூசி, சகோதரி. தூசி.

கிளிப்பை விரலில் மாட்டினேன். சிவப்புக் கோடுகள் ஓடி, நின்றன.

79.

ஜீப்பில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெடுமங்காடு வரை எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தமிழ், மலையாளம், இந்தி மூன்றும் அவருக்குத் தெரியும். ஒளித்துச் சொல்ல மொழியே மிச்சமில்லை. இரண்டு பக்கமும் நிமோனியா. இரவு வரை வீட்டிலிருந்திருந்தால், என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார். சாந்தாவைப் பார்த்ததும் முடிக்கவில்லை.

பத்தாம் நாள் செல்லையா எழுந்து உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மருந்து எப்படிச் சாப்பிடுவதென்று வகுப்பு எடுத்தார்.

படிவத்தை அதற்கு முன்பே, ஒரு வாரக் கெடுவுக்குள், அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் முடித்தேன். மைப்பொட்டுக்குப் பக்கத்திலேயே 'காது' என்று சேர்த்தேன். பிறகு முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அதோடு சேர்த்து அனுப்பினேன். ஹெச்சுக்கு இரண்டு விழுந்தது. எஸ்ஸுக்கு இன்றும் ஒன்றுதான். மேலதிகாரிகள் யாரும் தமிழ் வாரப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். ஒளித்துச் சொல்லத் தமிழ் போதும்.

நிரந்தரம் வந்தது. மயக்கவியலும் படித்து முடித்தேன். நாள் முழுக்க அடுத்தவர் மூச்சின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இப்போது உத்தியோகம். ஆபரேஷன் தியேட்டரில் மானிட்டரை எப்போதும் எனக்கு வலப்பக்கம் வைக்கச் சொல்வேன். அது கீச்கீச்சென்று கத்துவதை வலது காது பார்த்துக்கொள்ளும்.

நோயாளி இடப்பக்கம். ஏன் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள்.

பழக்கம் என்கிறேன்.